எங்கள் தெருவில் எடுத்த கிறிஸ்துமஸ் படம்

சென்ற ஜூலையில் ஒரு காலை, பால் வாங்கி வரலாம் என்று கதவைத் திறந்தால் தெரு முழுக்கப் பனி. வெயிலோ அதற்குள் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கனடாவின் இந்தச் சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. பனி எனக்குப் புதிதில்லை, ஆடி மாதத்துப் பனிதான் புதிது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இல்லை. பஞ்சும் காகிதத் தூளும் கலந்த ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது. எதிர் வீட்டு ரூத் கம்பளிக் கோட்டும் சிவப்பு மஃப்ளருமாக, முகமெல்லாம் வியர்த்து வழிய, ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். "மெர்ரி கிறிஸ்துமஸ், டியர்!" என்று சிரித்தார். தொலைக்காட்சிக்காக ஒரு கிறிஸ்துமஸ் காதல் படம் எங்கள் தெருவில் எடுக்கிறார்களாம். அதில் சும்மா நடந்துபோகிற ஊர்க்காரியாக அவருக்கு ஒரு வேடம். ஒரு பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. வண்ணான் கடை மாதிரி காசு போட்டுத் துணி துவைக்கிற கடை ஒன்று எங்கள் தெரு முனையில் இருக்கிறது. அதற்கு முன்னால் பலகை மாட்டி அதைப் பேக்கரி ஆக்கியிருந்தார்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவை தியேட்டருக்கு வருவதில்லை. நமக்குத் தீபாவளி அன்று தொலைக்காட்சியில் பட்டிமன்றம் எப்படியோ, இங்கே டிசம்பர் மாதத்துக்கு இவை அப்படி. கதை எல்லாம் ஒரே கதைதான். பெருநகரத்தில் பெரிய வேலை பார்க்கும் பெண் பண்டிகைக்குச் சொந்த ஊர் திரும்புவாள். அவளை நகரத்தில் ஒருவன் கட்டிக்கொள்ளக் காத்திருப்பான், அவன் எப்போதும் போனில் பேசிக்கொண்டே இருப்பான். ஊரில் ஒரு தச்சன் இருப்பான். இருவரும் சேர்ந்து மரத்துக்கு விளக்குக் கட்டுவார்கள். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு சின்ன மனஸ்தாபம் வரும், ஐந்து நிமிடத்தில் தீரும், முத்தம், பனி. என்னைப் போல வெளியே வந்து குடியேறியவர்கள் முதல் வருடம் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாவது வருடம் யாருக்கும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் தங்கை நித்யாவுக்கு அந்தப் பொய்ப் பனியைப் படம் எடுத்து அனுப்பியதும், "படம் வர்றப்ப நானும் பாக்கணும்க்கா" என்று பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது ஓசூருக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் அறையில் ஆறு பெண்கள், ஆறு மாவட்டம். ஒருத்தி 'ஏட்டி' என்பாள், ஒருத்தி 'ஏனுங்' என்பாள். சூப்பர்வைசரிடம் கன்னடம், கேன்டீனில் தெலுங்கு, மெஷின் முன்னால் இங்கிலீஷ். எங்கள் அப்பா அம்மா கர்நாடக எல்லையோரம் தளிக்குப் பக்கத்தில் முட்டைக்கோசும் சாமந்தியும் போடுகிறவர்கள். அங்கே எப்போதும் ஸ்வெட்டர் போடுகிற குளிர். அதனால் படங்களில் வருகிற குளிர் நித்யாவை ஏமாற்ற முடியாது. "மூக்குல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு அவளுக்கு" என்பாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் வந்தது. எங்களுக்குக் காலை, ஓசூரில் இரவுச் சாப்பாட்டு நேரம். வீடியோ காலில் நித்யாவைக் கூப்பிட்டு, போனை டீவிக்கு எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். சோபாவில் நானும், எனக்குள் ஏழு மாதப் பிள்ளையும், பக்கத்தில் ரூத்தும். போனுக்குள் நித்யாவும் அவளுடைய அறைத் தோழிகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ரூத் மூன்று இடங்களில் வந்தார். மூன்று முறையும் ஹாஸ்டலில் கைதட்டல். ஊர் திரும்பிப் பேக்கரி நடத்தும் கதாநாயகி காபிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அது காலி என்பது தெரிந்தது. "கப்ப ஆட்டிட்டே பேசறா, ஒரு சொட்டு சிந்துதா? பேக்கரி வச்சிருக்காளே, ஒரு நாளாச்சும் மாவு பிசையறாளா? ஷிப்டு கிடையாது, டார்கெட்டு கிடையாது, லவ் பண்றதுக்கு மட்டும் டயம் இருக்குது" என்றாள் நித்யா. அவள் சொல்வதை நான் ரூத்துக்கு மொழிபெயர்த்தேன். ரூத் குலுங்கிச் சிரித்தார்.

முடிவுக்கு முன்னால் ஒரு காட்சி. கதாநாயகி அழுதுகொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அப்பா வந்து தோளில் கை வைத்து, உன் மனசு எங்கே போகிறதோ அங்கே போ மகளே, என்பார். அவ்வளவுதான். அவள் எழுந்து ஓடுவாள். போனுக்குள் நித்யா தட்டைக் கீழே வைத்தாள். "இந்த அப்பா எதுக்குக்கா இவ்ளோ நல்லவரா இருக்காரு?" என்றாள். பிறகு, "அவன் யாரு, என்ன ஆளுங்க, எந்த ஊருன்னு ஒருத்தர் கூடக் கேக்கலயே" என்றாள்.

படம் முடிந்து ரூத் வீட்டுக்குப் போனார், நித்யாவின் தோழிகள் தட்டுக் கழுவப் போனார்கள். அப்போதுதான் சொன்னாள். முத்துக்குமார் என்று ஒருவன், அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவு, விருதுநகர்ப் பக்கம். இரண்டு வருடப் பழக்கம். மறுநாளே கான்பரன்ஸ் காலில் அவனைச் சேர்த்துவிட்டாள். "வணக்கம்க்கா, நல்லாருக்கீகளா? ஒடம்பு எப்டி இருக்கு?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், "நான் எங்கயும் ஓடிப் போறவன் இல்லக்கா. ஒங்க வீட்ல வந்து கேக்கத்தான் போறேன்" என்றான். அந்த 'ஒங்க வீட்ல' என்ற சொல்லில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. எங்கள் வீடு எனக்குத் தெரியும்.

எனக்குக் கனடா மாப்பிள்ளை வந்தபோது அம்மா தூரத்தைச் சொல்லி அழுதாள். அப்பா, "தூரம் என்னா தூரம்? போன்ல மூஞ்சி பாத்துக்கலாம்" என்றார். சொந்தத்தில் சொந்தம், கும்பிடுகிற சாமியும் ஒன்று. ஆகவே கடல் தாண்டியும் பக்கம்தான். அப்பாவிடம் நான் முத்துக்குமாரைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது இது: "விருதுநகரா? அது எங்க கீது, நாம எங்க கீறோம்? நாளைக்குக் கம்பெனிய மூடிட்டா பொட்டியக் கட்டிட்டுப் போயிடுவான். ஊரு பேரு தெரியாதவனுக்கு எப்டிம்மா குடுக்கறது?" நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள்தானே அப்பா, என்றேன். அவர் கேட்டது ஊரை இல்லை, ஊர் என்று சொல்லிக் கேட்பது வேறொன்றை என்பது இருவருக்கும் தெரியும். அந்தச் சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினேன். அப்பாவுக்குக் கோபம் ஏறினால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். "பேடா. மாத்தாட பேடா" என்றார். வேண்டாம், பேசாதே. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா, "வயித்துப் புள்ளக்காரி நீ, இதெல்லாம் மனசுல போட்டுக்காதம்மா" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீட்டில் நடந்த எதையும், என் உடம்புக்கு ஆகாது என்று, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இன்னொரு படம் பார்ப்பதாக இருந்தோம். நித்யாவின் போன் அணைந்திருந்தது. ரூத் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: தங்கை ஒருவனை விரும்புகிறாள், அவன் வேறு ஊர், அப்பாவுக்குச் சம்மதமில்லை. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பேருந்தில் ஒன்பது மணி நேரம் இருக்கும் என்றேன். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூரத்தில் இருந்துகொண்டு காதலிப்பது கஷ்டம்தான், டியர். ஆனால் மனசு இருந்தால் சமாளித்துவிடுவார்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கிருந்து தொடங்கி விளக்குவது? நம் ஊரின் எந்தத் தெருவில் யார் வீடு முடிந்து யார் வீடு ஆரம்பிக்கிறது என்பதை, சாலையே தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அறைத் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. முத்துக்குமார் சொன்னபடியே தளிக்குப் போய் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, உள்ளேயும் கூப்பிடவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்திருக்கிறாள், அதோடு சரி. மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் காரில் ஹாஸ்டலுக்கு வந்து, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வார்டனிடம் சொல்லி, நித்யாவை அழைத்துப் போய்விட்டார்கள். எங்கள் பாட்டி இறந்து வெகுகாலம் ஆகிறது.

நான் என்னவெல்லாம் செய்தேன் என்று இப்போது யோசித்தால் எல்லாம் போன் செய்ததுதான். சித்தப்பாவுக்குச் செய்தேன், "நல்ல எடம் வந்துருக்குதும்மா, கிருஷ்ணகிரி, பையன் தங்கமான பையன்" என்றார். ஜவளகிரியில் இருக்கும் மாமாவுக்குச் செய்தேன், காட்டோரத்தில் சிக்னல் இல்லை என்று துண்டித்துவிட்டார். விமான டிக்கெட் பார்த்தேன். டாக்டர் அம்மா என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். என் கணவர் பிரபு நல்லவர், பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே, "நாம இங்க இருந்துட்டு என்ன பண்ண முடியும், சொல்லு" என்றார். அது ஆறுதலாகச் சொன்னது. அதைவிடக் கொடுமையான சொல்லை நான் கேட்டதில்லை. முத்துக்குமார் ஒவ்வொரு நாளும் செய்தி அனுப்புவான்: "அக்கா, ஒரு தடவ பேசச் சொல்லுங்க. வேணாம்னு அவ வாயால சொல்லட்டும், நான் போயிருதேன்." நான் பதில் எழுதி எழுதி அழித்தேன். அவன் என்னைப் பெரிய இடத்தில் இருப்பவளாக நினைத்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஏதோ ஒரு செல்வாக்கு உண்டு என்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள்.

கடைசியில் அம்மா ஒரு நாள் போனை நித்யாவிடம் கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கேன்க்கா. நீ சாப்டியா? செக்கப்புக்குப் போனியா?"

"நித்யா, நீ சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"மனசாரத்தான் சொன்னியா?"

"எல்லாரும் பக்கத்துல தான்க்கா இருக்காங்க" என்றாள். பிறகு, "நீ ஒடம்பப் பாத்துக்க" என்றாள். அவள் அதை எனக்காகச் சொன்னாளா, அம்மா கண் காட்டிச் சொல்ல வைத்தாளா, தெரியாது. அவளே யோசித்து, சண்டை போட்டு அலுத்து, உண்மையாகவே சரி என்றிருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் என்பது எனக்கு இல்லாமல் போய்விட்டது. அவள் சரி சொல்லிவிட்டாள் என்று முத்துக்குமாருக்கு அன்றைக்குத்தான் பதில் எழுதினேன். அவன் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினான். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு அந்த அறைத் தோழி சொன்னாள்.

தை மாதம் கிருஷ்ணகிரியில் கல்யாணம். அங்கே விடிகாலை முகூர்த்தம், இங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு வேளை. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் நேரலைக்கு லிங்க் அனுப்பியிருந்தார்கள். "அங்கயே ரெண்டு அரிசி போட்டு வாழ்த்திடும்மா" என்று அம்மா சொல்லியிருந்ததால், பச்சரிசியில் மஞ்சள் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். ரூத்தும் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தார். பிரபு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மண்டபம் தெரிந்தது. மேலே பறக்கிற காமிரா, பின்னணியில் மெல்லிசை, மேடையைச் சுற்றிப் புகை. மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். நித்யாவின் மாலை சரிந்தபோது, யாரும் பார்க்காதபோது, தானே மெல்ல எடுத்துச் சரி செய்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வர ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நித்யா குனிந்தே இருந்தாள்.

"அழகாக இருக்கிறாள்!" என்றார் ரூத். "இவன்தானே அந்தப் பையன்? ஒன்பது மணி நேரப் பேருந்து?"

"இல்லை ரூத். இவர் வேறொருவர்."

ரூத் ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார். பிறகு முகம் மலர்ந்து, "ஓ, மனசை மாற்றிக்கொண்டாளா! நல்லது. பெண்களுக்கு அந்தத் தைரியம் வேண்டும்" என்றார்.

பிரபு என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நித்யா கண்ணைத் துடைத்தாள். ரூத்தும் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியதும் ரூத் பரபரப்பாக, "இப்போதா? இப்போதுதானா?" என்று கேட்டு, கிண்ணத்திலிருந்து அள்ளி என் தங்கையின் தலையைக் குறி பார்த்து வீசினார். மஞ்சள் அரிசி திரையில் பட்டுச் சிதறி விசைப்பலகையின் இடுக்குகளில் விழுந்தது. என் பங்கு என் கையில் இருந்தது. வாழ்த்து என்று சொல்லி அதை வீச எனக்கு மனம் வரவில்லை. வீசாமல் கிண்ணத்தில் திரும்பப் போட்டால் அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. தாலி கட்டி முடிந்து எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். ரூத் என்னை அணைத்து முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். யாரோ அணைக்க மறந்த காமிரா, காலி நாற்காலிகளை வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் நன்றாக விடிந்துவிட்டிருந்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டு. விரலிடுக்கில் வியர்த்து மஞ்சள் கசிய, மூடிய கையைத் திறக்காமல் நான் அந்த நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.