தள்ளிப் போட்ட கதிரை

இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு செகண்டரி ஸ்கூலில் எனக்கு வேலை. தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது, கடிதங்களை வாசித்துச் சொல்வது, இனவெறிச் சம்பவம் ஏதும் நடந்தால் அதற்கென்று இருந்த பச்சைப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது. அந்தப் படிவத்தை என்னைப் போல ஒருவராலும் நிரப்ப முடியாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. பாரிஸில் பிறந்தவள். தகப்பன் லண்டனில் கடை போடலாம் என்று குடும்பத்தோடு வந்துவிட்டார். பிரெஞ்சும் தமிழும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலத்தில்தான் தடுமாறினாள். பாரிஸில் கணக்கில் முதலாவதாக வந்தவளை, ஆங்கிலம் போதாது என்று இங்கே கணக்குக்கும், பிள்ளைகளைத் தரம் பார்த்துப் பிரிக்கும் செட்டுகளில் கடைசி செட்டில் போட்டிருந்தார்கள். அந்த செட்டில் கிடப்பவர்கள் என்னதான் படித்தாலும், பரீட்சையில் அவர்களுக்குத் தரும் இலகுவான வினாத்தாளில் பெரிய பெறுபேறு எடுக்க வழியில்லை. போதாக்குறைக்கு, அவள் வந்து உட்கார்ந்தால் வகுப்பில் இரண்டு பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போடுவார்கள். நான் படிவம் நிரப்பினேன். ஸ்கூலும் சும்மா இருக்கவில்லை. பையன்களின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள், மன்னிப்புக் கேட்க வைத்தார்கள்.

அதோடு விடாமல் ஸ்கூலும் கவுன்சிலும், சில ஸ்டேஷன் தள்ளி பார்க்கிங் என்ற ஊரில் நடந்த ஒரு தமிழ்ச் சனிக்கிழமை வகுப்பும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆட்களே ஆங்கிலமும் வீட்டுப்பாடமும் சொல்லிக் கொடுப்பது. யாரும் ஒதுக்காத ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும் என்று கூட்டத்தில் பேசியதும் நான்தான். இரண்டு தவணை ஒழுங்காகப் போனால் கோடைக்குள் அவளை மேல் செட்டுக்கு மாற்றுவதாகக் கணக்கு ஆசிரியை சொன்னார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை தாயையும் மகளையும் நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சோடு பேச்சாகத் தாயிடம், "ஊரில நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் இதைக் கேட்காமல் விடமாட்டோம். அவர் ஊரைச் சொன்னார். நான் அதோடு நிறுத்தவில்லை. "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னார். ஊரையும் பக்கத்தையும் வைத்துச் சாதியைப் பிடித்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கேட்டேனா, பழக்கத்தில் கேட்டேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

வகுப்பு நடந்த மண்டபத்துக் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் என்னிடம் அதையே கேட்டார்கள். "புதுசா வந்த ஆக்கள் எவ்விடம்?" மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மூன்றாம் சனிக்கிழமை தாய் ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்துகொண்டு வந்தார். "இண்டைக்குச் சனி விரதம்" என்றார்கள், ஒருவர் பின் ஒருவராக. முந்தின சனிக்கிழமை மீன் கட்லட்டை அடித்துப் பிடித்துத் தின்ற அதே வாய்கள். தாய் பெட்டியைத் திரும்ப மூடினார். மேசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கொப்பிகளை அள்ளிக்கொண்டு, "ஸொறி, அம்மா அங்க போய் இருக்கச் சொன்னவ" என்று கதிரையை இழுத்துக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் என்னைக் கேட்டாள். "அன்ரி, இதுக்கும் அந்தப் பச்சை ஃபோம் நிரப்பலாமோ?"

"அது ஸ்கூலுக்குத்தான் பிள்ளை. இது வேற" என்றேன். என்ன வேறு? இங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை, அது ஒன்றுதான் வேறு. தாய் கேட்காததுபோல இருந்தார்.

வகுப்பை நடத்தியவரிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி, அவையை வரவேண்டாம் எண்டு இஞ்ச ஆரும் சொன்னதே? இதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வாங்காதேங்கோ" என்றார். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகப் பட்டது என்பதுதான் கேவலம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. தவணை முடிவில் எல்லாரும் கூடிய கூட்டத்தில், அவள் ஏன் நின்றுவிட்டாள் என்று துணைத் தலைமை ஆசிரியர் கேட்டார். வகுப்பை நடத்தியவர் என்னைப் பார்த்தார். "தூரம். போய்வரக் கஷ்டம்" என்றேன். பாவம், ஸ்கூல்காரர் நல்ல மனிதர்கள், கவலையோடு எழுதிக்கொண்டார்கள். பத்து நாளுக்குள் அவளுக்கென்று ஒரு பயண அட்டை எடுத்து, அவளிடம் கொடுக்கச் சொல்லி என் கையிலேயே தந்தார்கள்.

அவளை என் அறைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அட்டையில் இருந்த தன் பெயரை வாசித்தாள்.

"தூரம் எண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

அட்டையை என் மேசையில் வைத்தாள்.

"லண்டன் வந்தாப் பிறகு அம்மா ஊரைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, அன்ரி. உங்களிட்ட மட்டும்தான் சொன்னவ."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும். மணி அடித்தது. அடுத்தது கணக்குப் பாடம். கடைசி செட் நடக்கும் அறைக்குப் போய்விட்டாள்.

என் மேசை இலாச்சியில் பச்சைப் படிவங்கள் ஒரு கட்டு கிடந்தது. சம்பவத்துக்குப் பொறுப்பானவரின் பெயர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. நான் இலாச்சியைத் திறக்கவில்லை.