மூன்று முழம் சுவர்

ஏலிக்குட்டி கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "உள்ளே போ, உள்ளே போ" என்று ஊரையே தள்ளிப் பழகிய தொண்டை. இரிஞ்ஞாலக்குடாவில் அவள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் ஓட்டையில்லாத இலை கிடையாது. மரம் புழுக்களுக்கு; மீன்குழம்புக்குத் தாளிக்க இலையைக் கடையில் வாங்கிக்கொள்வாள். காலனிக்காரர்கள் பூவுக்காகச் செடி வளர்த்தார்கள். இவள், பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிட வேண்டுமென்று வளர்த்தாள்.

ஓணத்துக்குள் தெருச்சுவர் முழுக்க வெள்ளையடிக்கக் காலனிச் சங்கம் முடிவெடுத்தது. ஏலிக்குட்டியின் சுவரிலோ பட்டாம்பூச்சி முட்டையிடும் கருடக்கொடி. அதில் ஒரு கூட்டுப்புழு, இன்றோ நாளையோ என்று தொங்கியது. கொடியைப் பிடுங்கினால் அதன் கதை முடிந்தது.

திருவோணத்துக்கு முந்தின உத்திராட நாளில் பெயின்டர் வாசு வந்தபோது, சுவர் முன்னால் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"சேச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

"என்னையும் சேர்த்து அடிச்சிட்டுப் போடா."

செயலாளர் மேனோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "புழுவுக்காகவா இந்த வம்பு? பாருங்க, நாளைக்கு மாவேலி உங்க கேட்டுல காலே வைக்க மாட்டார்!"

இந்த மிரட்டலில் ஒரு வசதி உண்டு. வருஷா வருஷம் ஓணத்துக்கு வீடு வீடாக வரும் மாவேலியாக, மகாபலிச் சக்கரவர்த்தியாக, வேஷம் போடுவது மேனோன்தான். அந்தத் தொப்பைக்கு வேறு போட்டியில்லை.

திருவோணத்தன்று கிரீடமும் ஓலைக்குடையுமாகச் செண்டை முழங்க வந்தவர், சொன்னபடியே அவள் வீட்டைத் தாண்டினார். ஏலிக்குட்டி நடுத்தெருவில் வந்து மறித்தாள். செண்டை நின்றது.

"ராஜாவே! மூணடி கேட்டவனுக்கு மூவுலகத்தையும் கொடுத்தவராச்சே நீங்க. எனக்கு மூணு முழம் சுவர் போதும். உண்டா, இல்லையா?"

இல்லை என்று சொன்ன மாவேலி உலகத்தில் எங்கும் இல்லை.

"உண்டு" என்றது ஒட்டுமீசை.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"உண்டு, உண்டு! வழியை விடு தாயே!"

மறுநாள் கிரீடத்தைக் கழற்றிய மேனோன், வேஷத்தில் சொன்னது சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் பேசினார். வாசு தூரிகையைக் கீழே வைத்தான். "மாவேலி கொடுத்ததைப் புடுங்கறது யாருன்னு ஊருக்கே தெரியும் சாரே. அந்த வேஷம் எனக்கு வேண்டாம்." பிறகு கொடி இருந்த மூன்று முழத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அடித்தான்.

மூன்றாம் நாள் காலையில் கூடு வெடித்தது. உள்ளங்கையைவிடப் பெரிய, கறுப்பும் பொன்னுமான சிறகு. பட்டாம்பூச்சி ஊர்ந்துபோய்ப் புது வெள்ளையில் தொற்றிக்கொண்டு, சிறகு காய்ந்ததும் பழுப்பாக ஒரு சொட்டு விட்டுப் பறந்தது. பிறந்தவுடன் அவை செய்கிற முதல் காரியம் அது.

"சேச்சி, அந்தக் கறையையாவது துடைங்க" என்று மேனோன் மன்றாடினார்.

"பச்சைப்புள்ள இருக்கிற வீடு சாரே, அப்படித்தான் இருக்கும்" என்ற ஏலிக்குட்டி, சுவரின் மறுகோடியில் அடுத்த கொடிக்குக் குழி தோண்டப் போய்விட்டாள்.