மாடிக் கதவின் கொண்டி

இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் ட்ரில் மிஷின் சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் எங்கள் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பத்தில் பெண்ணெடுத்து, தானும் பிரெஞ்சுக்காரராகி விமானம் ஏறியவர். வருடா வருடம் மாங்கனித் திருவிழா முடிந்ததும் பெரியம்மாவோடு வந்து இறங்குவார். ஒரு மாதம் இருந்து எங்கள் எல்லோரையும் திருத்திவிட்டுப் போவார்.

தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடி அவர் கட்டியது. ஒரே அறைதான். ஆனால் அந்த வீட்டில் காற்று வருகிற அறையும் அது ஒன்றுதான். அவர்கள் இருக்கும் ஒரு மாதம் போக மற்ற நாளெல்லாம் நான் அங்கேதான் படித்தேன். கீழே கூடத்தில் டிவி அலறும். தம்பி என் நோட்டில் யானை வரைவான். வருகிறவர்கள் எல்லாம் என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, படிக்க மட்டும் விடமாட்டார்கள். மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்குகூட மண்டையில் ஏறும். ஏழாம் வகுப்பில் நான் முதல் ராங்க் வாங்கியது அந்த அறையின் தயவில்தான்.

பெரியம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. மெத்தையில் இங்க் கறை என்று போனில் புலம்பித் தீர்த்தார். அறைக்குப் பூட்டுப் போடச் சொல்லி பெரியப்பா அப்பாவுக்கு உத்தரவு போட்டார். அப்பாவும் 'சரிண்ணே, சரிண்ணே' என்று கேட்டுக்கொண்டு, கடைத்தெருவிலிருந்து ஓர் இரும்புக் கொண்டியும் அது மாட்டுகிற வளையமும் வாங்கி வந்தார். அவர் அதைப் பொருத்திய லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்க்ரூவைச் சுத்தியலால் நச் நச்சென்று அடித்து இறக்கிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் திருப்புளியை எடுத்தார். எல்லா ஸ்க்ரூவும் கோணல். கொண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. வளையத்துக்கு எட்டவே இல்லை. பூட்டு எங்கே நுழையும்? ஆசாரியைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆசாரி வரவே இல்லை. நான் மாடியிலேயே படித்தேன்.

அடுத்த வருடம் வந்த பெரியப்பா அந்தக் கொண்டியைப் பார்த்துச் சிரித்தது தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"இதுக்குப் பேரு வேலையாடா? சின்னப் புள்ள போட்டாகூட நேரா போடுமே."

அப்பா அசடு வழிய நின்றார். எனக்கு மானம் போயிற்று. பெரியப்பா மேல் வர வேண்டிய கோபம் அப்பா மேல்தான் வந்தது. இத்தனை வயதாகி ஒரு ஸ்க்ரூவை நேராகப் போடத் தெரியாதா?

பெரியப்பா தன் பெட்டியிலிருந்து சின்ன ட்ரில் ஒன்றையும் அதற்கான பிட் ஒன்றையும் எடுத்தார். அப்படி ஒரு பிட்டை நான் பார்த்ததில்லை. ஒரு சிறு குழாய்க்குள் அது பதுங்கியிருந்தது. குழாயின் மூக்கு கூம்பு மாதிரி இருக்கும். அதைக் கொண்டியில் உள்ள ஸ்க்ரூ ஓட்டையில் வைத்தால், ஓட்டையின் சரிவான விளிம்பில் தானாகப் போய்க் கச்சிதமாக உட்காரும். அழுத்தினால் ஸ்பிரிங் பின்வாங்கி, உள்ளேயிருந்து பிட் நட்டநடுவில் மரத்துக்குள் இறங்கும். யார் பிடித்தாலும் இம்மி விலகாது.

கொண்டியை அவர் பிடித்துக்கொள்ள, ட்ரில்லை அழுத்த ஓர் ஆள் வேண்டும். அப்பாவை நம்பி அதைக் கொடுப்பாரா? என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். பூட்டிவிட்டால் நான் எங்கே போய்ப் படிப்பது?

"அட பைத்தியமே, சாவி ஒங்கிட்டதான் இருக்கும். தம்பி வந்து கிழிக்காம நீ பூட்டிக்கலாம்ல? இந்தா, புடி."

சாவி என்னிடம்! அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? பழைய ஓட்டைகளுக்கு இரண்டு விரல் மேலே வைத்து நானே துளை போட்டேன். ஒவ்வொரு துளைக்கும் பெரியப்பா "வொலா!" என்று பிரெஞ்சில் மெச்சினார். ஸ்க்ரூக்கள் வழுக்கிக்கொண்டு இறங்கித் தலை மட்டமாகப் படிந்தன. கொண்டியை மடித்ததும் அது ஸ்க்ரூத் தலைகளை மூடிக்கொண்டு வளையத்தில் போய்ச் செருகிக்கொண்டது. "பாத்தீங்களாப்பா?" என்று கத்தினேன். படியில் நின்றிருந்த அப்பா கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் வேன் நின்றது. அம்மா வடகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா மாடி அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். நான் கையை நீட்டினேன்.

"பெரிப்பா, சாவி?"

"எந்தச் சாவி?"

"எங்கிட்ட குடுக்கிறேன்னீங்களே!"

"சின்னப் புள்ள கையில யாராச்சும் சாவி குடுப்பாங்களாம்மா?" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

என் புத்தகங்கள் கடைசிப் படியில் ஒரு கட்டைப் பையில் கிடந்தன. பெரியம்மாவின் வேலை. நான் பாய்ந்துபோய் அந்த இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்கிறீர்கள், பொய் சொல்கிறீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா என்னைப் பிய்த்து இழுத்தார். அப்பா ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன்.

"நேரமாச்சு, நீங்க கெளம்புங்கண்ணே" என்றார்.

வேன் தெருவைத் தாண்டவில்லை, சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கழற்றலாம் என்றால் ஸ்க்ரூத் தலை வெளியே தெரியவில்லை. நெம்பலாம் என்றால் திருப்புளி முனை நுழையக்கூட இடுக்கில்லை. அத்தனை ஒழுங்காகப் போட்டிருந்தேன், பாவி. ஆத்திரத்தில் கதவை அடித்தேன். மரம் பெயர்ந்ததே தவிரக் கொண்டி அசையவில்லை. அப்பா வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். கட்டை விரலால் கொண்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்ருக்க" என்றார்.

"நீங்க போட்டிருந்தா இப்ப தொறந்திருக்கலாம்! ஒங்களுக்குத்தான் ஒண்ணுமே ஒழுங்கா செய்யத் தெரியாதே!"

அப்பா சுத்தியலோடு கீழே இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான்களை ஒதுக்கி, என் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தார். ட்ரில் கிடையாது, குழாய் பிட் கிடையாது. ஆணி முனையால் நடுப்புள்ளி வைத்து, திருப்புளியால் மட்டும் நிதானமாகத் திருகினார். ஒரு ஸ்க்ரூகூடச் சாயவில்லை. அலமாரிக் கதவு ஒட்டிச் சாத்திக்கொண்டது. அதற்குப் போட்ட கொண்டியும் வளையத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

பெரியப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அண்ணனை நேருக்கு நேர் பார்த்து 'முடியாதுண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லாத அப்பா மேலும் கோபம்தான். ஆனால், அவரால் சொல்ல முடியாமல் போன அந்த வார்த்தையைத்தான் மாடிக் கதவில் கோணல் கோணலாக அடித்து வைத்திருந்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இவ்வளவு நேராகப் போடத் தெரிந்த மனுஷர் அங்கே மட்டும் ஏன் மானத்தை வாங்கினார் என்று கோபம் அதிகமாகத்தான் ஆனது. அலமாரிக் கதவை அவர் எதிரிலேயே ஓங்கி அறைந்து சாத்தினேன்.