பெயர்ச்சீட்டுக்கு அடியில்

தபால்காரம்மாவுக்கு இரண்டு மாதமாகத் தொடைவலி. மாடிப்படி ஏறினால் உயிர் போனது. தினமும் கொழுப்பு மாத்திரை போடுகிறவள், வைட்டமின் சி நிறைய என்று நாத்தனார் சொன்னதால் காலையில் பம்ப்ளிமாஸ் மாதிரி இருக்கும் கிரேப்ஃப்ரூட் பழம் ஒன்றும் சாப்பிட்டாள். டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பழம் இந்த மாத்திரையை ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறவிட்டுத் தசையைக் கெடுக்குமாம்.

"டப்பாவுலயே போட்டிருக்குமேம்மா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். எச்சரிக்கை வரியின் மேலேயே மருந்துக்கடைப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கடைக்குப் போனாள்.

"உங்க பேரை ஒட்ட வேற இடமே கெடைக்கலையா?"

"எல்லாருக்கும் அங்கதாம்மா ஒட்டுறோம்" என்றார் கடைக்காரர்.

"எல்லாருக்குமா?"

அலமாரியில் சீட்டு ஒட்டி வைத்திருந்த அத்தனை டப்பாவையும் எடுத்து வைக்கச் சொன்னாள். கடைசிச் சீட்டை அவர் உரிக்கும்வரை வலிக்கிற காலோடு அங்கேயே நின்றாள்.