டக்கு சரக்

எனக்கு வாய் துடுக்கு. மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால் இறங்கும்வரை சும்மா இருக்காது. கன்னடத்தில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம், மிச்சத்துக்கு நானே செய்த சொற்கள் என்று பாட்டுக் கட்டுவேன். பொருள் இருக்காது. பஸ்ஸே சிரிக்கும், எனக்குத் தலைகால் புரியாது.

அதில் ஒன்று பேக்கிங்கில் இருந்த அக்காவைப் பற்றியது. நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரி. இடது காலை இழுத்து நடப்பாள். அவள் செருப்புச் சத்தம்தான் எனக்குத் தாளம்.

"ஸ்வல்ப ஸ்வல்ப டக்கு சரக்,
கொஞ்செம் கொஞ்செம் பக்கு சரக்,
பல்டா போல்ட்டு ஜிஞ்சி நட்டு,
ஷிப்ட்டு முடிஞ்சா டக்கு சரக்!"

'சரக்' வந்தால் வேலை லைனில் எல்லோரும் இடது காலை இழுப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதனால் அவளுக்கு வலிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு வசதியான முடிவு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வருஷத்தில் பூஜை அன்று மட்டும்தான் வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள்.

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் அந்தப் பாட்ட வேணாம் கண்ணு. பாப்பாவக் கூட்டியாறேன். அவ இன்னும் என் நடைய வெறும் நடைன்னுதான் நெனச்சிட்டிருக்கா."

"அர்த்தமே இல்லாத பாட்டு அது, அக்கா. அதுல நீ எங்க இருக்க?" என்றேன்.  அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சரி, பாடமாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தார்கள். பிறகு பாட்டுப் போட்டிக்கு மைக். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். "டக்கு சரக்! டக்கு சரக்!" என்று லைனே கத்தியது. நான் ஒரு நொடி அவளைத் தேடினேன். பிறகு தேடாமல் பாடினேன். கைதட்டல் எனக்கு அவ்வளவு ருசி.

முன்னால் நின்ற அவள் மகளுக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. குழந்தைக்குப் பிடிக்கிற பாட்டுதானே. பெரியவர்களைப் பார்த்து அவளும் 'சரக்' வரும்போதெல்லாம் இடது காலைத் தரையில் இழுத்தாள், குதித்துச் சிரித்தாள். அழகாக இழுக்கிறாள் என்று எல்லோரும் தட்டினார்கள். நானும் மைக்கிலேயே, "இன்னொரு தடவை பாப்பா!" என்றேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளைக் கூட்டிப்போக வந்தாள். பாட்டு நின்றிருந்தது. வழவழத் தரையில் அக்காவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. டக்கு, சரக். டக்கு, சரக்.

குழந்தையின் கால் அப்படியே நின்றது.

"வா பாப்பா, போலாம்" என்று அக்கா கையை நீட்டினாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.