எவேலியோவின் காதும் நீலப் பெயிண்டும்

சல்சா நடன இசைக்குப் பேர்போன காலி நகரில், எங்கள் தெருவில் இசைத்தட்டு சேர்த்தவர்கள் பலர் உண்டு. கேட்கத் தெரிந்தவர் என்று நான் ஒப்புக்கொள்வது எவேலியோ கராபலி ஒருவரைத்தான். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போய், கப்பல்காரர்களிடம் சல்சா இசைத்தட்டு வாங்கி வருவார். ஞாயிறு மதியம் ஆறேழு பேர் அவர் வீட்டில் கூடுவோம். பாடகனை எவனும் கேட்பான், அடியில் அதிரும் பேஸைக் கேட்பவன்தான் பாட்டைக் கேட்கிறான் என்பார். முழு உண்மை அல்ல. ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மறுக்கத் தோன்றியதில்லை.

எண்பத்தாறு ஜனவரியில் அந்த பேஸ் காணாமல் போனது. குரல் இருந்தது, பியானோ இருந்தது, அடியில் எதுவும் இல்லை. முள்ளை மாற்றினார். ஆம்ப்ளிஃபையரைத் திறந்து தூசி தட்டினார். பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினார். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தார். அடுப்படியிலிருந்த மனைவி நூபியாவைக் கேட்டால், "எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது" என்றாள். அதோடு அவர் முடிவு கட்டிவிட்டார்: கொதிகலன் இரைச்சல் தன் காதைத் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. காரணம் கேட்டால் தலைவலி என்பார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, முனையில் மதுக்கடை வைத்திருந்த எரிபெர்த்தோவைக் கூப்பிட்டு எல்லாத் தட்டுகளையும் எடுத்துப் போகச் சொன்னார். தூக்க ஒத்தாசையாக நானும் போனேன்.

"காது கேக்காதவன் வீட்ல தட்டு எதுக்குடா? எடுத்துட்டுப் போ."

"இந்தத் தட்டுங்க மேல ஆசைப்பட்டேன்தாண்ணே. அதுக்காக சாவு வீட்ல சாமான் அள்ற மாதிரியா?"

"அவரை விடு," என்றாள் நூபியா அடுப்படியிலிருந்தே. "நாலே நாள்ல உன் கடைவாசல்ல வந்து உக்காந்து அழுவாரு."

கடைசியாக ஒன்று கேட்கலாம் என்று எவேலியோ ஒரு தட்டைப் போட்டார். தட்டுகள் அடுக்கிய பெட்டிகள் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தன. அவற்றை எடுக்க வழி வேண்டி எரிபெர்த்தோ அந்த ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினான்.

பேஸ் வந்தது. தரை வழியாக ஏறி முழங்கால்வரை வந்தது.

நூபியா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "என்ன பண்ணீங்க? அலமாரில கிளாஸெல்லாம் நடுங்குது!"

"ஒண்ணைக் கழட்டினா ஜாஸ்தியா வருது. பேய் வேலையாண்ணே?"

எவேலியோ மண்டியிட்டு அந்த ஒயரை நகத்தால் சுரண்டினார். டிசம்பர் திருவிழாவுக்கு முன் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்போம். அவர் சுவரோடு சேர்த்து, சுவரோரம் ஓடிய ஒயருக்கும் வானநீலம் அடித்திருந்தார். எந்த முனையை எங்கே மாட்டுவது என்று காட்டும் சிவப்பு அடையாளம் அதற்குள் மறைந்துபோயிருந்தது. பெயிண்டுக்காகக் கழற்றிய ஸ்பீக்கரைத் திருவிழா முடிந்து ஜனவரியில் திரும்ப மாட்டும்போது இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டிவிட்டார். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. கீழ்ச்சுரங்கள் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. தனித்தனியாக இரண்டிலும் குறையில்லை.

"ஒயருக்கெல்லாம் அடிக்காதேன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள் நூபியா.

"சொன்னே."

"செவிடு செவிடுன்னு மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே, கிழவா!"

ஒன்று பழுதானால் தன்னைத் தவிர எல்லாவற்றையும் குறை சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் தன்னைச் சந்தேகித்தார். அதைப் பாராட்டத் தயக்கமாக இருக்கிறது. தன் செவியின் மேல் தீர்ப்பு எழுதும் முன் ஒயரையும் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் முனைகளை மாற்றி முடுக்கி, அதே தட்டை மறுபடி போட்டுவிட்டு உட்காரக்கூட மறந்து நின்றாரே, அந்த முகத்துக்காக எந்தத் தவறையும் மன்னிக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

எரிபெர்த்தோ கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்போ வெறுங்கையோடதான் அனுப்புவியாண்ணே?"

"உக்காருடா. ரெண்டாவது பக்கம் இன்னும் இருக்கு."