தானா ராத்தாவில் ஒரு சனிக்கிழமை

தாமரை முதன்முதலாக மைக் பிடித்துப் பேசியது தன் வீட்டுக் கூடத்தில்தான். மைக் என்றால் குழம்புக் கரண்டி. மலேசியாவில், ஷா ஆலமில் மின்னணுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றபடியே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். அங்கே வாய் திறக்க வேலையே இல்லை. தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றியபோது, நாற்பது வயதுக்கு மேல் வேறு யார் வேலை தருவார்கள் என்று யோசித்து, சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தாள். வீட்டுக்காரர் திருச்செல்வம் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்த களைப்போடு சோபாவில் உட்கார்ந்து, ஒரு வேன் நிறைய ஆட்களுக்குப் பதிலாகத் தான் ஒருவரே அவள் சொல்வதைக் கேட்பார்.

"சத்தம் பத்தலை. பின் சீட்டுல இருக்கறவனுக்குக் கேக்காது லா," என்பார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போனது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் விடுதிகளில் தங்கும் தமிழ்நாட்டுப் பயணிகளைக் கேமரன் மலைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போய் வருவாள். விடியுமுன் புறப்பட்டால் இருட்டிய பிறகு திரும்பலாம். ஓட்டுநர் நிஜாம் அவளுக்குத் தம்பி மாதிரி. எந்த வளைவில் அவள் எதைச் சொல்வாள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அங்கே வேகத்தைக் குறைப்பான்.

பள்ளி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை அது. வேனில் காஜாங்கிலிருந்து வந்த உஷாராணி என்ற பெண்ணின் குடும்பம், கோயம்புத்தூர்க்காரர்கள் சிலர், அப்புறம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி. கணவர் பெயர் சொக்கலிங்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சீதாலெட்சுமி. இவர்களின் மகன் பழனியப்பன் கோலாலம்பூரில் கணினி வேலையில் இருந்தான். தானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவனுக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. இருட்டோடு வந்து இருவரையும் வேனில் ஏற்றிவிட்டு, "பாத்துக்குங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சீதாலெட்சுமி ஏறினதும் தூங்கிப்போனாள். சொக்கலிங்கம் தூங்கவில்லை. முதல் வரிசையில், தாமரைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலைப்பாதையில் ஏறியதும் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டார். பள்ளத்தாக்கின் குறுக்கே மின்கம்பிகள் போயின.

"ஏம்மா, இந்தப் பள்ளத்துல எப்படிக் கம்பி இழுத்திருப்பான்?"

"தெரியலையே அங்கிள். கேட்டு வச்சு சொல்றேன்."

"நான் இழுத்ததெல்லாம் வயக்காட்டுல. இது வேற சங்கதி." அவர் குரலில் பொறாமை மாதிரி ஒன்று இருந்தது.

வளைவுகள் நெருக்கமாக வர ஆரம்பித்தபோது அவர் பேச்சைக் குறைத்தார். வயிற்றைப் பிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். தாமரை திரும்பிப் பார்த்தாள்.

"மாபோக் அங்கிள், கார் மயக்கம். இந்த ரோட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்." புளிப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, பரவாயில்லை என்று கையைக் காட்டினார். அருவியருகே வண்டி நின்றபோது இறங்கி, முகம் கழுவி, படம்கூட எடுத்துக்கொண்டார். அப்போது விழித்துக்கொண்ட சீதாலெட்சுமி முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்.

தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் இறங்கினார்கள். சரிவு முழுக்கப் பச்சை. கீழே எங்கேயோ இயந்திரம் ஓடும் சத்தம். மற்றவர்கள் தேநீர்க் கடைக்குப் போக, சொக்கலிங்கம் மனைவியோடு மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். தாமரை அவர்களுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தபோது, அந்தக் குளிரில் அவர் நெற்றி முழுக்க வியர்த்திருந்ததைப் பார்த்தாள். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அங்கிள்?"

"நெஞ்சுல யாரோ காலை வச்சு மிதிக்கிற மாதிரி இருக்கும்மா," என்றார், ஏதோ தொந்தரவு கொடுத்துவிட்டவர் போல.

தாமரை தேநீரைக் கீழே வைத்தாளா, போட்டாளா, அவளுக்கு நினைவில்லை. நிஜாமைக் கூப்பிட்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. இருவரும் தூக்கி வேனில் படுக்கவைத்தார்கள். சீதாலெட்சுமி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். தோட்டத்துச் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே விடுமுறைக் கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. நிஜாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தோட்டத்தில் வேலை பார்க்கும் வங்காளதேசத்து ஆள் ஒருவன், யாரும் சொல்லாமலே மோட்டார் சைக்கிளில் முன்னால் போய், ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி ஒதுங்கச் சொன்னான். அவன் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தானா ராத்தாவில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சொக்கலிங்கத்தின் கண்கள் மூடியிருந்தன. உள்ளே கொண்டுபோனார்கள். நிஜாமை, தோட்டத்தில் விட்டுவந்த மற்ற பயணிகளை அழைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, தாமரை பழனியப்பனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் உடனே புறப்படுவதாகச் சொன்னான். அப்புறம் சீதாலெட்சுமியின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மலை ஏறும்போதே அவருக்கு முடியாமல் போனதையும் தான் மிட்டாய் கொடுத்ததையும் சொன்னாள்.

வெகு நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்தாள். இளம் மலாய்ப் பெண். நீங்கள் யார் என்று மலாயில் கேட்டாள். சுற்றுலா வழிகாட்டி என்றாள் தாமரை. இந்த அம்மாவுக்கு மலாயோ ஆங்கிலமோ தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. டாக்டர் ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டு, முடிந்ததையெல்லாம் செய்தோம், அவர் இறந்துவிட்டார், அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

மற்றவர்கள் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் தாமரையின் வேலை. பயிற்சியில் முதலுதவிகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு யாரும் சொற்கள் கொடுக்கவில்லை. சீதாலெட்சுமி அவள் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி," என்றாள் தாமரை. "அங்கிள் இல்ல."

"இல்லைன்னா? வேற ஆசுபத்திரிக்குக் கொண்டு போய்ட்டாகளா?"

தாமரை அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்த முறை மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது.

"இறந்துட்டாரு ஆன்டி. ஹார்ட் நின்னுடுச்சு. டாக்டர் எவ்வளவோ பாத்தாங்க."

சீதாலெட்சுமியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. டாக்டர் குனிந்து அவள் தோளில் கைவைத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு சீதாலெட்சுமி கேட்டாள்:

"இந்த ஊரு பேரு என்ன?"

"தானா ராத்தா."

"திரும்பச் சொல்லு."

"தானா ராத்தா."

"தானா ராத்தா," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அப்படின்னா?"

"சமதரைன்னு அர்த்தம் ஆன்டி."

"மலைக்கு மேலயா?" என்றாள் சீதாலெட்சுமி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு பழனியப்பன் வந்து சேர்ந்தான். அம்மாவோடு உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நேராகத் தாமரையிடம் வந்தான்.

"அம்மாட்ட இப்பத்தான் கேட்டேன். ஏறும்போதே முடியலைன்னு சொன்னாராமே? ஏன் வண்டியைத் திருப்பலை? மிட்டாய் குடுத்தீங்களாம். மிட்டாய்!"

எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தான் சொன்னது தாமரையின் காதிலேயே கேட்டது.

"பழனி," என்றாள் சீதாலெட்சுமி. "அருவியில நானும் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாக. அவுக பொண்டாட்டி நான், எனக்கே தெரியலை. திட்டுறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

போலீஸ் நிலையத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டது எல்லாம் தாமரைதான். மலாயில் பேச வேண்டியிருந்ததால் பழனியப்பனால் அவளை விட முடியவில்லை, அவளோடு பேசவும் முடியவில்லை. சொக்கலிங்கம் முன்பே இதயத்துக்கு மருந்து சாப்பிட்டவர் என்பதால் உடலைச் சீக்கிரமே கொடுத்தார்கள். நிஜாம் இடையில் ஒருமுறை அழைத்தான். பயணிகளைக் கீழே கொண்டுபோவதாகச் சொன்னான். ஸ்ட்ராபெரி தோட்டத்துக்குப் போகவில்லையா என்று ஒருவர் கேட்டாராம். காஜாங் உஷாராணி, "வாயை மூடிட்டு உக்காருங்க அண்ணே," என்று அதட்டிவிட்டாளாம். பிறகு, கிளம்பும் வழியில் மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி, தன் சால்வையைச் சீதாலெட்சுமிக்கு என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் சவ வண்டி முன்னால் போக, பழனியப்பனின் கார் பின்னால் இறங்கியது. சீதாலெட்சுமி தாமரையின் கையை விடாததால் அவளும் அதே காரில், பின் சீட்டில் உட்கார்ந்தாள். கார் ரிங்லெட் ஊரைத் தாண்டியது.

"காலையில வரும்போது என்னென்னமோ சொல்லிக்கிட்டு வந்தியே," என்றாள் சீதாலெட்சுமி.

"ஆமா ஆன்டி."

"நான் தூங்கிப்போனேன். அவுக முழிச்சிருந்து எல்லாத்தையும் கேட்டாக. அவுக கடைசியா கேட்டதெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியலை. எனக்கும் சொல்லு."

தாமரை கண்ணாடியில் பழனியப்பனைப் பார்த்தாள். அவன் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மைக் இல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். இந்தச் சாலையை வெட்டியவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் என்றாள். அந்த மூங்கில் வீடுகள் காட்டில் வாழும் பூர்வகுடி மக்களுடையவை, அவர்கள் விற்கும் தேன் நன்றாக இருக்கும் என்றாள். காலையில் சொன்ன சிரிப்புக் கதைகளைப் பாதியில் விடப் பார்த்தபோது, சீதாலெட்சுமி, "இதுக்கு அவுக சிரிச்சாகளா?" என்று கேட்டாள். "சிரிச்சாரு ஆன்டி." அதனால் அவற்றையும் முழுக்கச் சொன்னாள். ஒரு வளைவில், பள்ளத்தாக்கின் மேல் கம்பிகள் கறுப்பாகத் தெரிந்தன.

"இங்க அங்கிள்தான் பேசினாரு. இந்தப் பள்ளத்துல எப்படிக் கம்பி இழுத்திருப்பான்னு கேட்டாரு. நான் இழுத்ததெல்லாம் வயக்காட்டுலன்னு சொன்னாரு."

காரின் வேகம் குறைந்தது. பழனியப்பன் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். சவ வண்டி முன்னால் போய் வளைவில் மறைந்தது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் உடலைச் சிவகங்கைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சீதாலெட்சுமி ஒப்பவில்லை. "பெட்டிக்குள்ள வச்சு, சாமானோட சாமானா ஏத்தியா? வேணாம். எங்க போனாகளோ அங்கேயே ஆகட்டும்," என்றாள். கோலாலம்பூரிலேயே தகனம் நடந்தது. அஸ்தியைக் கரைக்கத் தாமரைதான் படகு ஏற்பாடு செய்தாள். அவளுடைய அண்ணன் சின்னையாவுக்குக் காப்பாரில் மீன்பிடிப் படகு இருக்கிறது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் படகை நிறுத்தினார் அவர். பழனியப்பன் கலசத்தைக் கவிழ்த்தான். சீதாலெட்சுமி கடலைப் பார்க்காமல் தாமரையின் தோளில் முகம் வைத்திருந்தாள். கரைக்கு வந்ததும் பழனியப்பன் சின்னையாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். தாமரையிடம், "பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்துருங்க," என்று மட்டும் சொன்னான். அவள் போனாள். பந்தியில் அவளுக்கு அவனே பரிமாறினான்.

அதன் பிறகு தாமரை மலைக்குப் போக மறுத்துவிட்டாள். பத்துமலை, புத்ராஜெயா, கிள்ளான் கடைத்தெரு என்று சமதரையிலேயே சுற்றினாள். வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் திருச்செல்வம் பின்னாலேயே போய் நின்றார்.

"வண்டியைத் திருப்பியிருந்தா பொழைச்சிருப்பாரான்னு யோசிக்கிறியா?"

"யோசிக்காம எப்படி இருக்கறது?"

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க."

திருச்செல்வம் துணியை எடுத்து, அவள் கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

சீதாலெட்சுமி ஊருக்குப் போனபின் அவ்வப்போது அழைப்பாள். பேச்சு பெரும்பாலும் மழை, மருந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று போகும். ஒருமுறை, "மலைக்குப் போறியா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் தாமரை. "என்னை நெனச்சு போகாம நிக்காதே தாயி," என்றாள் சீதாலெட்சுமி.

அடுத்த பள்ளி விடுமுறையில் மலைக்குப் போக ஆள் பற்றாமல் அலுவலகத்தில் கேட்டபோது தாமரை ஒத்துக்கொண்டாள். வழியெல்லாம் பேசினாள். தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் இறங்கியபோது அவளால் இறங்க முடியவில்லை. நிஜாம் இரண்டு தேநீர் வாங்கிவந்தான். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே குடித்தார்கள். மறு வாரம் அவள் இறங்கி நடந்தாள். அதே மரப் பெஞ்சில் ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்தி கைப்பேசியை நீட்டி, எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். தாமரை வாங்கி, இரண்டடி பின்னால் போய், எடுத்துக் கொடுத்தாள்.